முள்புதர் இருந்த மூலை

பிள்ளைகளே, எங்கள் முந்திரிக்காடு ஆண்டிமடம் பக்கம் இருக்கிறது. அதன் மூலையில் ஒரு முள்புதர் இருந்தது. அதற்குள் ஒரு பெண்மயில் முட்டையிட்டு அடைகாத்தது.

ஒருநாள் வனத்துறை அம்மா ஒருவர் வந்தார். "புதரை வெட்டாம வுடுங்க. மயில் தங்குற நிலத்துக்கு அரசாங்கம் உதவித்தொகை தருது. நாளைக்குப் படம் எடுக்க வரேன்" என்றார்.

அவர் போனதும் என் அண்ணன் சிரித்தார். "மசால்வடையைக் காட்டி எலிப்பொறி வைக்கிறாங்கடா. மயிலு இருக்குன்னு தெரிஞ்சா நெலத்தையே காடுன்னு எடுத்துக்குவாங்க." நிலக்கரிக்காக ஜெயங்கொண்டம் பக்கம் நிலம் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. எனக்கும் பயம்தான். மாலையில் அண்ணன் புதருக்குத் தீ வைத்தார். நான் தடுக்கவில்லை. மயில் பறந்துவிட்டது.

மறுநாள் அந்த அம்மா வந்தார். "எங்க நெலத்துல மயிலே கெடையாதுங்க" என்றார் அண்ணன். அந்த அம்மா அண்ணனின் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். நாங்களும் திரும்பினோம். பறந்துபோன மயில் திரும்பி வந்து, சாம்பலில் கருகிக் கிடந்த முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. எங்களைக் கண்டும் அது எழவில்லை.

"பட்டா என்னைக்கும் உங்க பேர்லதாங்க. அந்தப் புதரு மட்டும் நின்னிருந்தா போதும்" என்று அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பயந்தவன் கையில் நெருப்பு இருக்கக் கூடாது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நிலத்தை எடுக்க யாரும் வரவில்லை. புதர் இருந்த இடத்தில் முந்திரி வைத்தோம், நன்றாகவே காய்க்கிறது. அங்கே விழும் கொட்டையை மட்டும் அண்ணன் இன்றுவரை பொறுக்கியதில்லை. நானும் பொறுக்கச் சொன்னதில்லை.