அப்பா எந்த நாட்டுப் பேய்?

மலேசியாவின் கமுந்திங்கில் நாங்கள் இருந்தபோது, எனக்கு ஏழு வயதில், அப்பா ஒரு ரத்தக்காட்டேரி என்று நான் முடிவுகட்டினேன். சும்மா ஒன்றுமில்லை, ஆதாரம் இருந்தது. பகலெல்லாம் ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டுத் தூங்குவார். பொழுது சாயும்போது எழுந்து குளித்துவிட்டுக் கிளம்புவார். ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் அவருக்கு நிரந்தர நைட் ஷிப்ட் என்பது எனக்கும் தெரியும். ஆனால் படத்தில் வரும் காட்டேரிகளும் ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டுதானே வெளியே போகின்றன?

படங்களெல்லாம் சித்தப்பாவின் உபயம். எங்களோடு தங்கியிருந்த அவர், ஈப்போவின் இரவுச் சந்தையான பசார் மாலாமில் ஊர்ப்பட்ட நாட்டுப் பேய்ப்பட சிடிகளைத் தேடித் தேடி வாங்கிவருவார். அப்பாவின் தூக்கம் கலையக்கூடாதென்று சத்தத்தை அறவே குறைத்துவிட்டுப் பார்ப்போம். எந்தப் பேயை எப்படி விரட்டுவது என்று சித்தப்பா என் காதில் ஓதுவார்.

வெள்ளைக்காரக் காட்டேரிக்குப் பூண்டு ஆகாது. அப்பாவோ பூண்டு ரசத்தை உறிஞ்சிக் குடித்தார். மலாய்ப் பேய்க்குப் பிடரியில் ஆணி அடிக்க வேண்டுமாம். அவ்வளவு தூரத்துக்கு அப்பாமேல் எனக்குக் கோபம் இல்லை. மிஞ்சியது சீனப் பேய்.

“அதுக்குக் கண்ணு தெரியாது லா. மூச்ச அடக்கிட்டா, ஆள் இருக்கறதே தெரியாம போயிடும்” என்றார் சித்தப்பா.

வேலைக்குக் கிளம்புமுன் அப்பா குனிந்து என் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுப்பது வழக்கம். அன்று அவர் குனிந்ததும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் முகம் மாறியது. பாதியிலேயே நிமிர்ந்து, தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, பஸ்ஸுக்குப் போய்விட்டார். வித்தை பலித்த சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ரப்பர்ப் பாலின் நெடி எத்தனை குளித்தாலும் அவர் உடம்பை விட்டுப் போகாது. மகள் அதற்குத்தான் மூச்சைப் பிடிக்கிறாள் என்று அந்த மனிதர் எடுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து இரண்டு தடவை குளித்தார், பவுடரை அள்ளிப் பூசினார். பஸ் போய்விடும் என்று அம்மா கத்துவார். நானோ விடாமல் மூச்சைப் பிடித்தேன். அவரும் முத்தமிடாமலே போனார்.

ஒரு வாரம் கழித்து, கதவருகே என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“பாப்பா, இன்னமும் அப்பா மேல நாத்தம் வருதாம்மா?”

பதில் சொன்னால் மூச்சு வெளியே வந்துவிடும். கன்னம் உப்ப அப்படியே நின்றேன். அவர் முழங்காலில் கையூன்றி எழுந்தார்.

“சரிம்மா. அப்பா போய்ட்டு வாரேன்.”

அவர் தலை மறைந்ததும் மூச்சை விட்டேன். வீடெல்லாம் சந்தன சோப்பு வாசம். பேய்க்கு எதற்கு இத்தனை சோப்பு என்றுதான் எனக்கு அன்று தோன்றியது.