நாங்கள் வேலையை நிறுத்தினோமா?

நெருப்பணைக்கிற வேலையில் இருந்தவனுக்கு நெருப்பு நாளடைவில் விளங்கிவிடும், கந்தோர் என்கிற அரசாங்க அலுவலகம் மட்டும் கடைசிவரை விளங்காது. வெள்ளைக்காரர் ஆண்ட கடைசிக் காலத்தில் மன்னார்ப் பட்டினத்துக்கு ஒரு கைப்பம்பும், அதற்கு ஆட்களாக நாங்கள் ஐந்து பேரும் இருந்தோம். பம்பு தள்ளுவண்டியில் இருக்கும். நாலு பேர் அமுக்க, ஐந்தாவது ஆள் குழாயைப் பிடித்துக்கொண்டு முன்னால் போவார். சனம் எங்களைப் பம்புக்காரர் என்றது. நீங்களும் ஏதாவது கவுண்மெந்து வேலையில் 'தற்காலிகம்' என்ற சொல்லோடு நரைத்தவர் என்றால், இதில் எதுவும் உங்களுக்குப் புதிதாக இராது. எங்கேயாவது விளங்கினால் எனக்கும் சொல்லுங்கள்.

பெண் கொடுக்க வந்தவர்

எனக்குக் கலியாணம் பேசிய இடம் பெரியமடு. பெண்ணின் தகப்பன் வயல்காரர், எதையும் நேரே பார்த்துத்தான் நம்புவார். மாப்பிள்ளைக்குப் பென்சன் உண்டா என்று என்னைக் கேட்டார். உண்டு என்று சிலர் சொல்வதாகவும் இல்லை என்று சிலர் சொல்வதாகவும் சொன்னேன். மனுசன் அடுத்த நாளே வண்டி கட்டிக் கந்தோருக்கு வந்துவிட்டார்.

எங்கள் தலைமைக் கிளாக்கர் சபாபதி ஐயா நல்ல மனிதர். கதிரை போட்டு இருத்தி, அலுமாரியைத் திறந்து, பைலை எடுத்துக் காட்டியே விளக்கினார். பட்டினம் உள்ளவரை பம்பு இருக்கும், பம்பு உள்ளவரை பம்புக்காரர் இருப்பார்கள், ஆகவே வேலை நிரந்தரம். ஆனால் அதில் இருக்கிற ஆள் தற்காலிகம். தற்காலிக ஆளுக்குப் பென்சன் இல்லை. வயல்காரர் பைலைத் தானும் ஒருக்கால் புரட்டிப் பார்த்துவிட்டு எழும்பினார்.

"அப்ப நான் பொம்பிளையை வேலைக்குக் குடுக்கிறதோ, ஆளுக்குக் குடுக்கிறதோ, ஐயா?"

எந்தப் புகை

குழாய் பிடிக்கிறவர் மரியாம்பிள்ளை அண்ணன். எங்களில் மூத்தவர். முன்னால் போகிறவருக்குத்தான் முதல் புகை. இருபது வருசத்துக்கு மேல் விழுங்கிய புகை அவருடைய நெஞ்சில் நின்று இருமலாக வந்தது. பேசத் தொடங்கினால் இரண்டாவது வசனத்தில் இருமல் வந்து மிச்சத்தைத் தின்றுவிடும். ஆசுபத்திரியில் வைத்தியம் பார்க்கிற அப்போத்திக்கரி, இனி இந்த வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். அதை வைத்துப் பென்சன் கேட்டு ஒரு மனு எழுதினோம்.

ஒரு வருசம் கழித்துக் கொழும்பில் இருந்து பதில் வந்தது. தீர்மானிக்க முன்னம் ஒரு விபரம் வேண்டுமாம். இருமல் எந்த நெருப்பால் வந்தது, அது எந்தத் திகதி. அண்ணனும் நானும் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து யோசித்தோம். சந்தைக் கொட்டில் நெருப்பு, மீன்வாடி நெருப்பு, வைக்கோல் வண்டி நெருப்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் படிவத்தை மடித்து என்னிடம் திருப்பித் தந்தார்.

"எந்தப் புகை எண்டு நெஞ்சு குறிச்சு வைக்கேல்லைத் தம்பி."

சுற்றுநிருபம் வாசித்தவர்

அந்த மனு அங்கேயும் இங்கேயும் கிடக்கும்போதுதான் வேலைநிறுத்தம் வந்தது. தொழிற்சங்கத்து ஆள் ஒருவர் ரயிலில் வந்திறங்கி, பெருக்க மரத்தடியில் கூட்டம் வைத்தார். கவுண்மெந்து வேலைக்காரர் எல்லாரும் ஒன்றாக நிறுத்தினால்தான் தற்காலிகம் ஒழியும், பென்சன் வரும் என்றார். எனக்கு அது சரியாகப் பட்டது. வீட்டுக்குப் போகிற வழியில் மீன் விற்கிற ஒருத்தர் மறித்து, கடிதம் பிந்தி வந்தால் சனம் பொறுக்கும், நெருப்புப் பொறுக்குமா என்று கேட்டார். அதுவும் சரியாகப் பட்டது.

அடுத்த நாள் காலை சபாபதி ஐயா எங்களை வரிசையில் நிறுத்தி, மேலிடம் அனுப்பிய சுற்றுநிருபம் வாசித்தார். வேலைநிறுத்தம் செய்கிறவர் பென்சனை இழப்பார். எங்களில் உப்புக்குளத்துக் காசிம்தான் வாய் கெட்டிக்காரன். எங்களுக்குத்தான் பென்சன் இல்லையே, இல்லாததை எப்படி எடுப்பீர்கள் என்று மரியாதையாகக் கேட்டான். பென்சன் தரலாமா என்று மேலிடம் யோசித்துக்கொண்டிருக்கிறது, அந்த யோசனையைத்தான் நீங்கள் இழப்பீர்கள் என்றார் ஐயா. மரியாம்பிள்ளை அண்ணன் அதற்குப் பிறகுதான் போய்ச் சங்கத்து வேலைநிறுத்தப் பட்டியலில் கையெழுத்து வைத்தார். அவருக்குப் பின்னால் நாங்கள் நாலு பேரும் வைத்தோம்.

மத்தியானம் பார்த்தால், ஐயாவும் அலுமாரியைப் பூட்டிக்கொண்டு, கந்தோரையும் பூட்டிவிட்டு வெளியே வருகிறார். கிளாக்கர்மாரும் நிறுத்துகிறார்களாம். காலையில் எங்களை வெருட்டினீர்களே என்று காசிம் கேட்டான்.

"அது உத்தியோகம் வாசிச்சது. இப்ப நடந்து வாறது சபாபதி."

உப்புக்குளம்

மூன்றாம் நாள். பகல் சாப்பாடு முடிந்த நேரம், கச்சான் காற்று மணலை அள்ளி எறிந்துகொண்டிருந்தது. பம்புக் கொட்டிலுக்கு எதிரே மறியல் இருந்தோம். உப்புக்குளப் பக்கம் புகை எழும்பியது. அங்கே எல்லாம் கிடுகு வீடுகள், ஒன்றோடு ஒன்று ஒட்டினவை. காசிம் தன் வீட்டுப் பக்கமாக ஓடிவிட்டான்.

கொட்டில் பூட்டியிருந்தது. பூட்டின் திறப்பு சபாபதி ஐயாவின் அலுமாரியில். நாங்கள் போனால் நாடு முழுக்க நிறுத்தினவர்களைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்றான் ஒருவன். போகாவிட்டால் நாங்கள் மனிசரா என்றான் மற்றவன். நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்க விருப்பமில்லை. ஸ்டேசன் பக்கத்தில் தங்கியிருக்கிற சங்கத்து ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவோம் என்றேன். மரியாம்பிள்ளை அண்ணன் எங்களை விலக்கிக்கொண்டு கொட்டில் வாசலுக்குப் போனார். பிறகு ஒரு கல்லை எடுத்து ஆமைப்பூட்டை உடைத்தார்.

காசிமின் இடத்தில் ஊர்ச்சனம் நின்று அமுக்கியது. அண்ணன் குழாயோடு புகைக்குள் போனார். பள்ளிவாசல் ஒழுங்கை வீடுகள் தப்பின. முன்வரிசையில் ஏழு வீடு போய்விட்டது. உயிர்ச்சேதம் இல்லை. அண்ணனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டுதான் வெளியே வந்தார்கள். ஏழாவது வீடு காசிம் சாச்சி என்று கூப்பிடுகிற சிறியதாய் ஆயிஷா உம்மாவுடையது. எரிந்த வாசலில் நின்றுகொண்டிருந்தா. அழவில்லை, ஏசவில்லை. எனக்குக் குடிக்கத் தண்ணீர் தந்துவிட்டு, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறவ போலக் கேட்டா.

"பூட்டை உடைக்க முந்தி என்ன வாப்பா கதைச்சுக்கொண்டு நிண்ட நீங்கள்?"

விசாரணை

வேலைநிறுத்தம் ஒருமாதிரி முடிந்தது. வென்றதா தோற்றதா என்று இரண்டு பேப்பர் இரண்டு விதமாக எழுதின. சங்கம் எங்களைக் கருங்காலிகள் என்று சொல்லிப் பட்டியலில் இருந்து வெட்டியது. கந்தோர் எங்களை வேலைநிறுத்தக்காரர் என்று சொல்லி விசாரணைக்குக் கூப்பிட்டது.

விசாரித்த வெள்ளைக்காரத் துரை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அன்றைக்கு நாங்கள் வேலையிலா, வேலைநிறுத்தத்திலா? வேலைநிறுத்தம் என்றால் பம்பைத் தொட ஆர் உத்தரவு தந்தது? வேலை என்றால் உத்தியோகச் சட்டையும் பட்டியும் எங்கே, பட்டியலில் கையெழுத்து ஏன்? அதைத் தமிழில் சொன்னவர் சபாபதி ஐயா. அவரும் திரும்ப வந்து அதே கதிரையில் இருந்தார். மரியாம்பிள்ளை அண்ணன், நெருப்பு எரிந்தது, நாங்கள் போனோம் என்று மட்டும் சொன்னார். ஐயா அதை இங்கிலீசில் கனநேரம் சொன்னார். துரை ஒரு வரி எழுதினார். வெளியே வந்ததும், அப்படி என்ன சொன்னீர்கள் என்று ஐயாவைக் கேட்டேன்.

"நீங்கள் கேட்டதுக்கு இவையளிட்டை மறுமொழி இல்லை எண்டு சொன்னனான். அதைத்தான் அவரும் எழுதினவர்."

புது ஆள்

தீர்ப்பு தபாலில் வந்தது. நிறுத்தின நாட்களால் எங்கள் சேவை அறுந்துவிட்டது. அறுந்ததற்கு முந்தியது கணக்கில் இல்லை. விரும்பினால் புது ஆட்களாகச் சேரலாம், புது ஆட்களுக்கு வைத்தியப் பரிசோதனை உண்டு. நான் தேறினேன். காசிமும் தேறினான். மரியாம்பிள்ளை அண்ணனை மூச்சை இழுத்துவிடச் சொன்னார்கள், இருமல் நிற்கவில்லை. இப்படி நெஞ்சுள்ளவரைப் புதிதாகச் சேர்க்க முடியாது என்று எழுதிவிட்டார்கள். அந்த நெஞ்சு எங்கே போய் அப்படி ஆனது என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. அவர் பள்ளிமுனையில் கிழிந்த வலை பொத்தப் போனார்.

இரண்டு வருசம் கழியவில்லை, பம்புக்காரரும் நிரந்தரம், பென்சன் உண்டு என்று உத்தரவு வந்தது. அன்றைய திகதியில் வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும். கடதாசியை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். மறைப்பது சரியில்லை என்று பட்டது. முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். எனக்கு நல்லது நடந்ததில் அவருக்கு உண்மையாகவே சந்தோசம். வலையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு மூச்சு வாங்கி, ஒன்றுதான் கேட்டார்.

"இது நாங்கள் வேலையை நிப்பாட்டினதாலை வந்ததோ தம்பி, பூட்டை உடைச்சுப் போனதாலை வந்ததோ?"

இரண்டில் எதற்கு என்று எந்தக் கடதாசியிலும் எழுதியிராதபடியால், நானும் மாதாமாதம் பென்சனை எதற்கென்று தெரியாமலே கையெழுத்து வைத்து வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.