பில்டு மெஷினில் ஒளிந்திருந்த ஃபைல்

அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் சாஃப்ட்வேர் அலுவலகம். நாமக்கல்லில் கோழித்தீவனம் விற்கும் ஒருவருக்கும், திருச்செங்கோட்டில் போர்வெல் தோண்டும் ரிக் வண்டிகள் ஓட்டும் ஒருவருக்கும் ஒரே செயலியைத்தான் கொஞ்சம் மாற்றிக் கொடுத்திருந்தோம். தகவல் யாருடைய போனுக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் ஒரு செட்டிங்ஸ் ஃபைலில் இருக்கும். செயலியைத் தயாரித்துத் தரும் பில்டு மெஷின் அதைப் படித்துத்தான் வேலை செய்யும்.

என் சீனியர் முதலாளியின் மச்சான். அந்த மெஷினில் தன் ஃபோல்டரில் ஒரே ஒரு செட்டிங்ஸ் ஃபைல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அதையே மாற்றி மாற்றித் திருத்துவார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒவ்வொரு புராஜெக்டுக்குள்ளும் அதற்கென்று தனி ஃபைல் வைத்தேன். ஆனால் சீனியரின் ஃபைல் இருக்கும்வரை மெஷின் அதன் பேச்சைத்தான் கேட்கும். புராஜெக்டுக்குள் இருப்பதைச் சீண்டாது. அதனால் அதை அழித்துவிடச் சொன்னேன்.

"அழிச்சாச்சு, போம்மா" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நம்பினேன். அது என் முட்டாள்தனம்.

ஒரு திங்கட்கிழமை ரிக்காரருக்குச் செயலியின் புதிய பில்டு போட்டு அனுப்பினேன். வியாழக்கிழமை அவரே செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"ஏனுங்க, போருக்குள்ள துளை போடற பிட்டு மாட்டிக்கிச்சுன்னு என்ற டிரைவர் மெசேஜ் போட்டிருக்கறானுங்க. அது எனக்கு வரலீங்க. நாமக்கல்லுல எவனோ கோழிப்பண்ணைக்காரன் அவனுக்குப் போன் போட்டு, யாருப்பா நீன்னு கேக்கறானுங்க. நாள் முச்சூடும் வண்டி காட்டுக்குள்ள நின்னுச்சுங்க!"

முதலாளி எங்களைப் பார்த்தார். சீனியர் முந்திக்கொண்டார்.

"அந்தப் புள்ளதாங்க பில்டு போட்டுச்சு. தனித்தனியாப் பிரிக்கறேன்னு எல்லாத்தையும் கெடுத்து வெச்சிருச்சு."

பில்டு மெஷினைத் திறந்தேன். சீனியரின் ஃபோல்டரில் அந்த ஃபைல் அப்படியே இருந்தது. உள்ளே தீவனக்காரரிடம் வாங்கும் கோழிப்பண்ணைக்காரர்களின் நம்பர்கள். கடைசியாகத் திருத்தியது முந்தின வெள்ளிக்கிழமை. நான் விடுப்பில் இருந்த நாள். திரையை முதலாளி பக்கம் திருப்பினேன்.

"உங்க கண்ணு முன்னாடியே அழிக்கறேன்."

"என் ஃபோல்டர்ல கை வெக்க நீ யாரு?" என்று சீனியர் எழுந்தார்.

"காட்டுக்குள்ள நின்னாங்களே, அவுங்களக் கேளுங்க" என்றேன். அழித்தேன்.

முதலாளி ரிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு வழியனுப்பினார். பிறகு என்னிடம், "வெளியாள் முன்னாடி குடும்பத்து ஆளை இப்படியா?" என்றார். பொய் சொன்னவரிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றே பில்டு மெஷினில் ஒரு சோதனையைச் சேர்த்தேன். வாடிக்கையாளர் பெயரும் செட்டிங்ஸும் பொருந்தாவிட்டால் பில்டு நின்றுவிடும். மறுவாரம் சீனியர் மறுபடியும் தன் ஃபோல்டரில் ஒரே ஃபைலை வைத்து ஓட்டிய பில்டு மூன்று முறை நின்றது. "எவ இதைப் போட்டது?" என்று கத்தினார். பிழைச் செய்தியிலேயே காரணம் எழுதியிருந்தது. படிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மாதத்தில் ரிக்காரர் வேறு ஆளிடம் போய்விட்டார். என் வாய்தான் காரணம் என்று முதலாளி சொன்னார். ராஜினாமாக் கடிதத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு வெளியேறினேன். சீனியர் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் கொடுத்திருக்க மாட்டேன்.