சித்திக்கு நான் வாசித்த கதை

சித்தப்பா இறந்துபோன செய்தியை எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரு மத்தியானச் சாப்பாட்டின் நடுவில், அவருடைய பிறந்தநாளன்றுதான் கேட்டோம். மற்றவர்கள் திகைத்தது செய்தியைக் கேட்டு. நான் திகைத்தது அது சொல்லப்பட்ட வசனத்தைக் கேட்டு. அதைச் சில கிழமைகளுக்கு முன் சித்திக்குத் தமிழில் எடுத்துச் சொன்னவள் நான்தான். எனக்கு அப்போது பதினொரு வயது.

சித்தி என் அப்பாவின் தம்பியின் மனைவி. யுத்தம் முடிந்தபின் வன்னியிலிருந்து எப்படியோ வெளியேறி, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் லண்டனில் ஸ்ட்ரெதமில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சித்தப்பா வரவில்லை. குண்டுகள் விழும் செல்லடிக்குள் சனத்தோடு சனமாக ஓடும்போது இருவரும் தவறிப்போனார்கள் என்பதுதான் வீட்டில் வழங்கிய கதை. அதைச் சித்திதான் சொன்னாரா, அல்லது அப்பா வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அது அப்படி நிலைத்துவிட்டதா என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. தம்பி எங்கோ ஒரு முகாமில் உயிரோடு இருக்கிறான் என்பதில் அப்பாவுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. சித்தப்பாவுக்கென்று சேட்டுகள் கூட இங்கே வாங்கி, மடித்து, அலுமாரியில் வைத்திருந்தார். சித்தி குங்குமப் பொட்டும் தாலிக்கொடியுமாக, இன்றோ நாளையோ வரப்போகிறவரின் மனைவியாக எங்களோடு இருந்தார்.

அவர் ஹை ரோட்டில் ஒரு தையல் கடையில் வேலை செய்தார். காற்சட்டைகளுக்குக் கால் குறைப்பது, சிப் மாற்றுவது, மெலிந்தவர்களின் பாவாடைகளுக்கு இடுப்புப் பிடிப்பது. பள்ளிக்கூட விடுமுறையில் அம்மா வேலைக்குப் போகும் நாட்களில் என்னையும் அந்தக் கடையில் கொண்டுபோய் இருத்திவிடுவார்கள். அங்கேதான் ஓர் எழுத்தாளரைப் பார்த்தேன்.

அவர் ஒரு வயதான யூதப் பெண்மணி. கூர்மையான மூக்கும் கலைந்த நரைமுடியுமாக, எப்போதும் எதையாவது சின்னதாக்கக் கொண்டு வருவார். யூதக் குடும்பங்களைப் பற்றி, அதிலும் அந்தக் குடும்பங்களின் பெண்களைப் பற்றித்தான் வாழ்நாள் முழுக்க எழுதியிருந்தார். நூலகத்தில் அவருடைய புத்தகங்கள் ஒரு தட்டையே நிறைத்திருந்தன. உன் சித்திக்கு வாசிக்கப் பிடிக்குமா என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். சித்திக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது என்றேன்.

"உனக்கு வரும்தானே" என்றார். "என் புத்தகங்களில் வரும் பெண்கள் நிறையச் சமைப்பார்கள், நிறையச் சண்டை பிடிப்பார்கள். உன் சித்திக்கு எல்லாம் விளங்கும்."

அடுத்த தடவை ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து தந்தார். அப்படித்தான் நான் மொழிபெயர்ப்பாளர் ஆனேன். மாலையில் சித்தி குசினியில் மரக்கறி வெட்டுவார், நான் மேசையில் இருந்து ஒரு பந்தியை இங்கிலீஷில் வாசித்துவிட்டு எனக்குத் தெரிந்த தமிழில் சொல்லுவேன். இறைச்சிக்கும் பாலுக்கும் வேறு வேறு பாத்திரம் வைத்திருக்கும் ஒரு மாமி, அதை ஒருநாள் மாற்றிப் பாவித்துவிட்ட மருமகள், வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் இருவருக்கும் இடையில் அகப்பட்டு முழிக்கும் மகன். சித்தி கத்தியை வைத்துவிட்டுச் சிரிப்பார்.

"எங்கட ஆக்கள்தான். பேரைத்தான் மாத்திப்போட்டினம்."

கேட்காததுபோல் உடுப்பு மடித்துக்கொண்டிருக்கும் அம்மா இடையில் எட்டிப் பார்ப்பார். "அந்த மாமி இன்னும் சாகேல்லையோ?"

முதலாவது புத்தகம் முடிய எழுத்தாளர் இரண்டாவதைத் தந்தார். அதில் சிரிக்க அதிகம் இருக்கவில்லை. ஐரோப்பாவில் ஏதோ ஒரு பழைய யுத்தம். ஒருத்தியின் கணவன் காணாமற்போகிறான். செத்தான் என்பதற்குச் சாட்சி இல்லாததால் அவள் விதவையும் இல்லை, மனைவியும் இல்லை. அப்படிப்பட்டவளுக்கு அவர்களுடைய சமயத்தில் ஒரு பெயர் இருந்தது. அதை நான் "சங்கிலி போட்ட பொம்பிளை" என்று மொழிபெயர்த்தேன்.

"சங்கிலி போட்டா நல்லதுதானே" என்றார் அம்மா. "எத்தினை பவுணாம்?"

அந்தச் சங்கிலி இல்லை, ஆளைக் கட்டி வைக்கிற சங்கிலி என்று நான் விளக்கினேன். அம்மா மடித்த உடுப்புகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சித்தி அன்றைக்கு வெண்டிக்காயைத் தேவைக்கு அதிகமாகவே வெட்டிவிட்டார்.

கதையில் அந்தப் பெண் பல வருடங்கள் பொறுத்திருந்துவிட்டு, சமய நீதிபதிகளின் முன்னால் போய் நிற்கிறாள். கணவன் செத்துவிட்டான் என்று மனைவியே வந்து சொன்னால் சாதாரண காலத்தில் நம்பிவிடுவார்கள். யுத்த காலத்தில் நம்பமாட்டார்கள். அவன் விழுந்ததைக் கண்டு செத்திருப்பான் என்று அவளாகவே நினைத்திருக்கக்கூடும் என்பது அவர்களுடைய நியாயம். ஆனால் அவனை அடக்கம் செய்ததும் நான்தான் என்று அவள் சொன்னால், யுத்த காலத்திலும் நம்புவார்கள். அந்தப் பெண் நீதிபதிகளைப் பார்த்து அதைத்தான் சொல்கிறாள்.

எனக்கு அடக்கம் செய்வதற்குத் தமிழ் வரவில்லை. "நான்தான் அவரை மண்ணுக்குள்ள வைச்சனான்" என்றேன்.

"தாட்டனான்" என்றார் சித்தி. "அதுக்குச் சொல்லு, தாட்டது. திருப்பி வாசி."

திருப்பி வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். அதன்பிறகு அன்றைக்குப் போதும் என்றுவிட்டார்.

எழுத்தாளர் கடைக்கு வந்தபோது, இப்படி ஒரு சட்டம் உண்மையிலேயே இருக்குதோ என்று கேட்கச் சொன்னார் சித்தி. கேட்டேன். இருக்கிறது, மிகப் பழைய சட்டம் என்றார் அவர்.

"அந்தப் பொம்பிளை உண்மை சொன்னவவோ, பொய் சொன்னவவோ எண்டு கேள்."

எழுத்தாளர் சித்தியை, அவருடைய நெற்றியில் இருந்த பொட்டை, நிறைய நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "கடைசி அத்தியாயத்தில் தெரியும். ஆனால் அதை எழுதும்போது எனக்கு அவளைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. இதையும் சொல்லு."

சொன்னேன். சித்தி தலையை ஆட்டிவிட்டு மெஷினை மிதிக்கத் தொடங்கினார். கடைசி அத்தியாயத்தை வாசிக்க என்னை அவர் கூப்பிடவேயில்லை.

சித்தப்பாவின் பிறந்தநாள் வந்தது. வழக்கம்போல அப்பா எங்களை விம்பிள்டன் கோயிலுக்குக் கூட்டிப்போய், தம்பியின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்வித்தார். ஐயர் நீண்ட ஆயுளைக் கேட்டு மந்திரம் சொல்ல, சித்தி கைகூப்பி நின்றார். அன்று மத்தியானம் சுவிசிலிருந்து அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். அவரைச் சுவிஸ் பெரியப்பா என்போம். பாதிச் சாப்பாட்டில் அவர் ஒரு சேதியை அவிழ்த்தார். முகாமிலிருந்து விடுபட்டு வந்த ஒருவன், சித்தப்பாவைப் போன்ற ஓர் ஆளை உள்ளே கண்டதாகச் சொன்னானாம்.

அப்பாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. சித்தியின் பக்கம் திரும்பினார்.

"நீர் வெளிக்கிடும். ரெண்டு பேரும் போவம். மனிசி வந்து படத்தோட வாசல்ல நிண்டால், எத்தினை நாளைக்கு இல்லையெண்டு சொல்லுவாங்கள்?"

"நான் வரேல்லை, அத்தான்."

"பயப்பிடாதையும். நான் இருக்கிறன்."

"பயத்தில சொல்லேல்லை." சித்தி சோற்றிலிருந்து கையை எடுத்துச் சாப்பாட்டுக் கோப்பையின் விளிம்பில் வைத்தார். "அவர் அங்கை இல்லை. அவர் செத்திட்டார். நான்தான் தாட்டனான். என்ர கையால."

அந்த வசனத்தை, அந்தச் சொல்லோடு, நான் அறிவேன். புத்தகத்திலிருந்து ஒரு பெண் எழும்பிவந்து எங்கள் மேசையில் இருந்துகொண்டு பேசுவதுபோல இருந்தது. பெரியப்பாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?"

"ஒருத்தரும் என்னட்டை அதைக் கேக்கேல்லை" என்றார் சித்தி. "எப்ப வருவார் எண்டுதான் எல்லாரும் கேட்டனீங்கள்."

"அம்மா, அது புத்தகத்தில..." என்று நான் தொடங்கினேன். மேசைக்குக் கீழே அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. நகம் பதியும்படி பிடித்தது. பிறகு அம்மா தலையை நிமிர்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படியாக, "எனக்குத் தெரியும். என்னட்டை அப்பவே சொன்னவ" என்றார்.

சித்தி சட்டென்று அம்மாவைப் பார்த்தார். அன்றைக்கு அந்த வீட்டில் அதிர்ச்சியடையாமல் மிஞ்சியிருந்த ஒரே ஆள் சித்தி. அவரையும் அம்மா விட்டுவைக்கவில்லை.

அப்பா எழுந்துபோய்க் கை கழுவினார். குழாய் நீண்ட நேரம் ஓடியது. திரும்பி வந்து அதே கதிரையில் இருந்தார்.

"எந்த இடம்?"

"கடற்கரைப் பக்கம். மணல் எண்டபடியால்தான் கையால கிண்ட ஏலுமா இருந்தது. ஆழமாக் கிண்ட ஏலேல்லை, அத்தான்."

அப்பா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவர் அழுத சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. புத்தகத்தில் அது பனிக்காலம், உறைந்த நிலம், மண்வெட்டி. சித்தி அதைக் கடற்கரையாக மாற்றிய கெட்டித்தனத்தை நினைத்து, அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு வியப்பு ஓடியது.

பெரியப்பா போனபிறகு அம்மாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "சித்தி உங்களுக்கு எப்ப சொன்னவ?"

"இண்டைக்குத்தான். நீயும் கேட்டனிதானே" என்றுவிட்டு அம்மா சட்டி கழுவத் தொடங்கினார். பொய் சொன்னால் நாக்கில் மிளகாய்த்தூள் போடுவேன் என்று என்னை வெருட்டும் அதே அம்மா.

பிறகு ஐயரைக் கொண்டு கிரியைகள் நடந்தன. அப்பா செய்தார். சித்தி தாலிக்கொடியைக் கழற்றினார். பொட்டையும் அழிக்கப்போனபோது, அது இருக்கட்டும் என்று அம்மா தடுத்துவிட்டார்.

அடுத்து எழுத்தாளர் கடைக்கு வந்த அன்று, சித்தியின் வெறும் கழுத்தைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு கிட்ட வந்து, ஊசி பிடித்திருந்த கையையும் மற்றக் கையையும் சேர்த்துப் பிடித்து, "உங்களுக்கு நீண்ட ஆயுள் கிடைக்கட்டும்" என்றார். செத்த வீட்டுக்காரரிடம் போய் இதென்ன வாழ்த்து என்று நான் குழம்பினேன். துக்கத்தில் இருப்பவர்களிடம் எங்கள் ஆட்கள் இப்படித்தான் சொல்லுவார்கள் என்று எனக்கு விளக்கினார். நான் மொழிபெயர்க்க முன்னமே சித்தி அழத் தொடங்கியிருந்தார். அவர் அழுது நான் கண்டது அதுதான் முதல் தடவை.

புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை நான் தனியாக வாசித்து முடித்தேன். அந்தப் பெண் வேறு கல்யாணம் செய்து, ஒரு வெள்ளிக்கிழமை இரவு எல்லோரும் சாப்பிட இருக்கும்போது, கதவு தட்டப்படுகிறது. திறந்தால் பழைய கணவன் நிற்கிறான்.

அதிலிருந்து எங்கள் வீட்டு மணி அடிக்கும்போதெல்லாம் சித்தப்பாதான் வந்து நிற்கிறாரோ என்று நான் கதவைப் பார்ப்பேன். கிரியை செய்து முடித்த அப்பாவும் கையில் இருப்பதை வைத்துவிட்டுக் கதவைப் பார்ப்பார். அம்மா சித்தியைப் பார்ப்பார். சித்தி மட்டும் நிமிரமாட்டார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தால் உரித்துக்கொண்டேயிருப்பார். இவ்வளவு பெரிய பொய்யைச் சொன்ன ஓர் ஆளுக்கு எப்படிக் கொஞ்சமும் பயமில்லை என்று, கதவுக்கும் அவருக்குமாக மாறி மாறிப் பார்த்தபடி, அந்தப் பதினொரு வயதில் நான் அதிசயித்துக்கொண்டிருந்தேன்.