தகரக் குழாயின் உட்புறம்

சினிமா தியேட்டருக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஏசி காற்று போகத் தகரக் குழாய் செய்கிறவன் நான். திண்டுக்கல்லில் நிம்மதியாகத்தான் இருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏதோ ஒரு வருஷம், சிற்பம் செய்கிற டெல்லிக்கார அம்மா ஒருவர் கூப்பிட்டனுப்பினார். மலைப்பூண்டுக்குப் பேர்போன பூம்பாறை போகிற வழியில் ஒரு புல்வெளியில், துணியால் பூண்டு தைத்துக் காற்றடித்து நிறுத்தப் போகிறாராம். மாடிவீட்டு உயரம். ஜனங்கள் உள்ளே நுழைந்து சுற்றிப் பார்க்கலாமாம். வெளியே வைக்கிற ஃபேனின் காற்றை உள்ளே கொண்டுபோகும் தகரக் குழாய் என் வேலை. பூண்டை உரித்துக் குழம்பில் போடாமல் இதென்ன கூத்து என்று முணுமுணுத்துக்கொண்டேதான் மலையேறினேன்.

மூன்று மாதமாக அந்தத் துணியைத் தைத்தவள் வடகவுஞ்சித் தையல்காரி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெண். நாளெல்லாம் நான்தான் கத்திக்கொண்டிருப்பேன். அவள் "சரி அண்ணே" என்பதோடு சரி.

விடிந்தால் திறப்பு. மதியம் மூன்று மணி இருக்கும். அந்த அம்மாவும் ஆட்களும் டவுனுக்குப் போயிருந்தார்கள். நாங்கள் இருவர் மட்டும் பூண்டுக்குள் இருந்தோம். குழாயின் வாயைச் சுற்றி அவள் துணியைத் தைக்க, நான் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது. வெளியே காற்றை ஊதிக்கொண்டிருந்த ஃபேன் நின்றது. என்னவென்று பார்ப்பதற்குள், மழையில் ஊறிய அத்தனை துணியும் எங்கள் தலையில் இறங்கிவிட்டது.

ஜிப் வைத்த வாசல் எதிர்ப்பக்கம், அறுபது அடி தள்ளி. தவழ்ந்து பார்த்தேன். நாலடி போவதற்குள் ஈரத்துணி மூக்கை அடைத்தது, திரும்பி வந்துவிட்டேன். குழாய் வாயில் முகத்தை வைத்தால்தான் மூச்சு. கத்தினேன். அந்த மழைச் சத்தத்தில் எவன் காதில் விழும்? செத்தோம் என்றே நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

"கத்திரிய எடு தாயி. துணிய வெட்டு, வெரசா."

"ஏலாது அண்ணே. வெட்டினா விடியிறதுக்குள்ள தைச்சு முடிக்க ஏலாது. நான் குழாய்க்குள்ள போறேன். ஃபேனுக்கும் தகரத்துக்கும் நடுவுல கித்தான் துண்டுதானே இருக்கு? அத வெட்டி வெளிய எறங்கிடுறேன். பொறகு வந்து ஒங்கள எடுக்கிறேன்."

ஒன்றரை அடிச் சதுரக் குழாய். என் தொப்பை நுழையாது, அவள் நுழைவாள். ஆனால் உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். இணைப்புகளில் மொட்டை முனை ரிவெட் அடித்திருக்க வேண்டும். நேரமாகிறதென்று வெளியிலிருந்து ஸ்க்ரூவை முடுக்கிவிட்டேன். அதன் கூர் முனையெல்லாம் அரை அங்குலம் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற வேலைதான். காற்றுக்கு வலிக்கவா போகிறது என்று சிரித்துக்கொள்வோம்.

சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் போகமாட்டாளோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

அவள் உடம்பு குழாயை அடைத்ததும் எனக்கு வந்துகொண்டிருந்த காற்றும் நின்றது. ஐந்து இணைப்பு. ஐந்து முறையும் ரவிக்கை கிழிவதும், அவள் பல்லைக் கடித்து மூச்சிழுப்பதும் தகரத்தின் வழியே தெளிவாகக் கேட்டது. நிறுத்தவுமில்லை, என்னைத் திட்டவுமில்லை.

கொஞ்ச நேரத்தில் வாசலைத் திறந்து, மூங்கில் கழியால் துணியைத் தூக்கிக்கொண்டே என்னிடம் வந்து சேர்ந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை ரத்தம். அந்தக் கையோடேயே வெட்டின கித்தானையும் தைத்து மூடினாள்.

சாயங்காலம் அந்த அம்மா பதறிப்போய்க் கையைப் பார்த்தார்.

"வேலி முள்ளுங்க மேடம். வெறகு பொறுக்கப் போனேன்" என்றாள்.

கரண்ட் போனபோது ஒன்றும் பிரச்சினை இல்லையே என்று என்னைக் கேட்டார். "இல்லைங்க மேடம்" என்றேன்.

மறுநாள் பூண்டு நிமிர்ந்து நின்றது. துளி காற்றுகூடக் கசியாத குழாய் என்று புகழ்ந்து, எல்லோர் முன்னாலும் அந்த அம்மா எனக்குச் சால்வை போர்த்தினார். கட்டுப் போட்ட கையால் தையல்காரியும் தட்டினாள். நான் போர்த்திக்கொண்டு நின்றேன்.