பின்னுக்கு முப்பது

டயரின் காற்றுக்குழாய் மூடியைக் கழற்றிப் பல்லிடுக்கில் கவ்விக்கொள்வது இந்திராதேவியின் இப்போதைய வழக்கம். கீழே வைத்தால் புல்லுக்குள் உருண்டு ஓடிவிடும். மூடியைக் கடித்தபடியே குந்தி உட்கார்ந்து, பேனா போலிருக்கும் காற்றழுத்த அளவுகோலை அழுத்துவாள். 'புஸ்' என்று ஒரு சிறு மூச்சு வெளியேறும். அடியிலிருந்து வெள்ளைக் குச்சி எட்டிப் பார்க்கும். எண்ணைப் படித்த பிறகும் சட்டென்று எழுந்துவிட மாட்டாள். தஞ்சோங் கிளிங் கடல் பக்கமிருந்து ஈரக்காற்று வரும். பக்கத்து வீட்டுக் கோழி வேலியோரம் மண்ணைக் கிளறும். சக்கரத்தின்மேல் கைவைத்தபடி அவள் எங்கேயோ போயிருப்பாள். "இந்திரா, காருக்குக் காய்ச்சலா?" என்று உள்ளேயிருந்து கணவர் சிவசாமி கேட்டால்தான் திரும்பி வருவாள்.

செங் தொழிற்பேட்டையில் மின்னணுச் சில்லு செய்யும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. ஷிப்ட் முழுக்க நுண்ணோக்கிக்குள் குனிந்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகள் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அத்தனை சிறியதையே பார்த்துச் சலித்த கண்கள் வெளியே வந்ததும் பெரியதைத் தேடும். வானத்தைத் தேடும். செம்பனைத் தோட்டத்தின்மேல் படுத்துக் கிடக்கும் மேகத்தைத் தேடும். "கண்ணை அவுத்து வெளியில மேய விட்ட மாதிரி இருக்கும் லா" என்பாள்.

துரியான் துங்கால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அவள் வீட்டில் அதுவரை யாரும் ஸ்டீரிங் பிடித்ததில்லை. சிவசாமி கடற்கரை ஹோட்டலில் தோட்ட வேலை பார்ப்பவர். சைக்கிளை விட்டு இறங்க மாட்டார். இவளாகவே கற்று, லைசென்ஸ் எடுத்து, வெளிறிய நீல நிறத்தில் ஒரு பழைய புரோட்டோன் சாகா காரையும் வாங்கினாள். அதே குடியிருப்பிலிருந்து அதே தொழிற்சாலைக்குப் போகும் நிர்மலா, ஷகீலா, முனியம்மா மூவரும் அவளோடு காரில் வரத் தொடங்கினார்கள். முனியம்மா பேக்கிங் பிரிவில் இருப்பவர். தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டில் இருந்தவர்; இந்திராதேவிக்கு அக்கா மாதிரி.

அப்போதெல்லாம் கார் ஓட்டும்போது இந்திராதேவிக்கு மிதக்க வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் காற்றடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததும், ஒவ்வொரு டயரிலும் கொஞ்சம் இறக்கிவிடுவாள். உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பாள். இன்னும் கல் மாதிரி இருந்தால் இன்னும் கொஞ்சம். "காத்து கம்மியா இருந்தா பஞ்சுமேல போற மாதிரி இருக்கும். சம்பான் படகுல போறோமா, சாலையில போறோமான்னே தெரியாது" என்று சிவசாமியிடமும் காரில் வருபவர்களிடமும் சொல்வாள். சாலைக்குழிகள் அவளுக்குச் சிற்றலைகள். பின்னால் மூன்று பேரும் பேசுகிற பேச்சு கரையிலிருந்து கேட்பது போல் இருக்கும்.

ஒருநாள் வேலை முடிந்து திரும்பும்போது, நல்ல வெயில். புக்கிட் ரம்பை தாண்டியதும் பின்பக்க டயர் வெடித்தது. வண்டி வாலை ஆட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடியது. எதிரே வந்த மரலோரி ஹாரனை விடாமல் அலறவிட்டு, கண்ணாடியை உரசுகிற தூரத்தில் கடந்து போனது. கார் புல்மேட்டில் ஏறி, ரப்பர் மரங்களுக்கு முன்னால் நின்றது. யாருக்கும் காயமில்லை. சிவந்த இலைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடிமேல் இறங்கின.

இந்திராதேவி ஸ்டீரிங்கைப் பிடித்தபடி சொன்னாள்: "எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்கக்கா."

அதை அவள் அலட்சியத்தில் சொல்லவில்லை. பயம் வந்தால் அவள் மனம் அப்படித்தான் வேறெங்காவது ஓடி ஒளிந்துகொள்ளும். ஆனால் முனியம்மாவுக்கு அது அலட்சியமாகத்தான் கேட்டது. கதவைத் திறந்து இறங்கினார். குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீ மெதக்குறதுக்கு நாங்க சாவணுமாடி?"

சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு சாலையோரமாகவே பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்துபோனார். மறுநாளிலிருந்து பஸ்தான். தொழிற்சாலையில் பார்த்தால் தலையை அசைப்பார். நின்று பேச மாட்டார்.

அந்த வாரக் கடைசியில், ஸ்பேர் டயரில் உருட்டிக்கொண்டு தெங்கேராவில் இருக்கும் ஹபீபுல்லாவின் டயர் கடைக்குப் போனாள். ஹபீபுல்லா நிதானமானவர். வெடித்த டயரைத் தரையில் படுக்கப்போட்டு அதன் உள்ளே கைவிட்டார். விரல்களில் மாவு மாதிரி கறுப்புப் பொடி ஒட்டியிருந்தது.

"பாத்தியா தங்கச்சி? உள்ளுக்குள்ளேயே அரைஞ்சு போயிருக்கு. ரெண்டு ஓரமும் தேஞ்சிருக்கு, நடு மட்டும் புதுசு மாதிரி. காத்து கம்மியா ஓட்டுனா டயரு மடங்கி மடங்கி வேகும். அதுல ஆள் வேற ஏத்துனா என்னா ஆவும்?"

அவள் டயர் பக்கத்தில் குந்தினாள். நடுவில் தேயாமல் இருந்த கோடுகளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு மற்ற மூன்றையும் பார்த்தார்கள். மூன்றும் அதே கதைதான். நான்கையும் மாற்ற வேண்டும்.

"பாய், இன்னும் உயரமான டயரா போட்டா? குலுக்கல் தெரியாதுல்ல?"

"தெரியாது. ஆனா திருப்பும்போது உள்ள உரசும். வேக மீட்டரும் பொய் சொல்லும். அது வேணாம் லா."

அவர் இரண்டு டயர்களைக் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். ஒன்று காரோடு வந்த அளவு: நூற்று ஐம்பத்தைந்து, பதின்மூன்று. இன்னொன்று நூற்று எழுபத்தைந்து, எழுபது, பதின்மூன்று. அகலம் கூடுதல், பக்கச்சுவர் குட்டை. உயரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ரிம்மை அளந்து பார்த்துவிட்டு, அதுவும் தாங்கும் என்றார்.

"பழசு மெத்துன்னு போவும். இது கொஞ்சம் முரடு. ரோட்டுல என்னா கெடந்தாலும் ஒன் கையில சொல்லும். ஆனா மழைத்தண்ணியில புடிச்சுக்கும். எதைப் போட்டாலும் காத்து சரியா இருக்கணும். ஒன் கையழுத்தம் எல்லாம் இதுக்கு ஆவாது."

இந்திராதேவி பழைய அளவின் பக்கச்சுவரில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். கண்ணை மூடினால் அந்தப் பஞ்சுச்சாலை தெரிந்தது. பிறகு மற்றதன்மேல் கை வைத்தாள். அதில் எதுவும் தெரியவில்லை, வெறும் ரப்பர்தான். கடைக்கு வெளியே மோட்டார்சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. வெகுநேரம் நின்றாள். ஹபீபுல்லா அவசரப்படுத்தவில்லை, உள்ளே போய் ஒரு தே தாரிக் தேநீர் குடித்துவிட்டே வந்தார்.

"அகலமானதையே போட்டுடுங்க பாய்."

டயர்களை மாட்டி வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கியபின், ஓட்டுநர் கதவுத்தூணில் ஒட்டியிருந்த காற்றளவுத் தாளைக் காட்டினார். இத்தனை நாள் அவள் அதைப் படித்ததில்லை. "சும்மா போவ ஒண்ணு, ஆளு நெறஞ்சா ஒண்ணு. நீ தெனம் ஆளு ஏத்துறவ. முன்னுக்கு இருபத்தெட்டு, பின்னுக்கு முப்பது வெச்சுக்க. காலையில ஓட்டுறதுக்கு முன்ன பாரு. சூடான டயர்ல அளந்தா தப்பாக் காட்டும்." அந்தப் பேனா அளவுகோலை அங்கேதான் வாங்கினாள்.

திரும்பும் வழியில் அவளுக்கு அழுகை வந்தது. ஒவ்வொரு ஒட்டுத்தாரும், ஒவ்வொரு சாக்கடை மூடியும் உள்ளங்கையில் வந்து தட்டியது. கடற்கரைச் சாலைக்கு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். அங்கே, மீன் லோரிகள் ஓடி ஓடிச் சாலை வரிவரியாக இருந்த இடத்தில், கைக்குள் ஒரு மெல்லிய அதிர்வு புறப்பட்டுத் தோள்வரை ஏறியது. எதிரே கடல் வெள்ளியாகக் கிடந்தது. வேகத்தைக் குறைத்தாள். அதிர்வும் குறைந்தது. கூட்டினாள், அதுவும் கூடியது. இத்தனை நாளும் சாலை பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வீட்டைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது பிறகுதான் தெரிந்தது.

முனியம்மாவை அவள் கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. நிர்மலாவும் ஷகீலாவும் மட்டும் வந்தார்கள். பின்சீட்டில் முனியம்மா உட்காரும் மூலையில் இருவருமே உட்காரவில்லை.

பருவமழை இறங்கிய ஒரு காலையில், பஸ் நிற்கும் இடத்தில் முனியம்மா தனியாக நின்றிருந்தார். கூரை ஒழுகியது. பஸ்ஸைக் காணோம். இந்திராதேவி காரை ஓரங்கட்டிக் கண்ணாடியை இறக்கினாள். மழை உள்ளே தெறித்தது.

முனியம்மா உடனே ஏறவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனார். குடைக்குள்ளேயே குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். செருப்புக்காலால் அதை ஒரு உதை உதைத்தார்.

"காத்து பாத்தியா?"

"காலையில பாத்தேன்கா. பின்னுக்கு முப்பது."

"முப்பதுன்னா?"

"கல்லு தெரியும்கா. குலுங்கும். மெதக்காது."

முனியம்மா குடையை மடக்கிக்கொண்டு பின்கதவைத் திறந்தார். ஷகீலா காலியாக இருந்த மூலையிலிருந்து தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

செங் போகும் சாலையில் தண்ணீர் படலமாக ஓடியது. முன்னால் போன லோரி கண்ணாடி முழுக்கச் சேற்றுநீரை வாரி இறைத்தது. வைப்பர் துடைத்தபோது கார் தன் கோட்டிலேயே போய்க்கொண்டிருந்தது. இந்திராதேவி இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தாள். சக்கரங்கள் நீரைப் பிளக்கும் ஓசை அடியிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

பின்சீட்டில் காகிதம் பிரிக்கும் சத்தம் கேட்டது. சூடான கறிபாப் பலகாரத்தின் மணம் வந்தது. இரண்டு சீட்டுக்கும் நடுவிலிருந்து ஒரு கை நீண்டு, பிட்ட துண்டு ஒன்றை அவள் உதட்டருகே கொண்டுவந்து நிறுத்தியது.

"ரோட்டைப் பாரு" என்றார் முனியம்மா. "வாயை மட்டும் தொற."