கண்காட்சிப் பாயில் உட்கார்ந்தவர்கள்

சண்டைக் காலத்தில் மட்டக்களப்பு நகரத்தில் ஒரு மண்டபம் சும்மா கிடக்க முடியாது. அகதிகளுக்கு வேண்டும், இல்லாவிட்டால் ஆமிக்கு வேண்டும், இரண்டும் இல்லாவிட்டால் மூட்டை அடுக்க வேண்டும். வாவிக்கரையில் இருந்த எங்கள் சின்ன அருங்காட்சியகத்தின் மண்டபத்தின் மேல் கச்சேரியின் கண் விழுந்தது மூட்டைக்காகத்தான். கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி அல்ல. மாவட்டத்தின் அரச அலுவலகத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நிவாரணக் கோதுமை மா வைக்க இடமில்லை, உங்களிடம் சனம் வருவதுமில்லை, மண்டபத்தைத் தாருங்கள் என்றார்கள்.

சனம் வருவதில்லை என்றதுதான் எனக்குச் சுட்டது. நான் அங்கே சித்திரம் படிப்பித்தவள். சனிக்கிழமைகளில் ஊர்ச்சனத்தைக் கூட்டி ஏதாவது செய்விப்பதும் என் பொறுப்பு. பிள்ளைகள் தரையில் குப்புறக் கிடந்து படம் கீறுவார்கள். தாய்மார் வெளியே காத்திருப்பார்கள். அந்தத் தாய்மாரை உள்ளே கூப்பிட்டால் என்ன என்று நான் கேட்டதில் தொடங்கியதுதான் அந்தப் பாய்.

வாவிக்கரைச் சதுப்பில் வளரும் பன் என்ற புல்லை வெட்டிக் காயவைத்து, சாயத்தில் அவித்து இழைப்பதுதான் பன்பாய். தமிழ் ஊரான பெரியகல்லாற்றுப் பக்கத்துப் பெண்களும் இழைப்பார்கள், முஸ்லிம் ஊரான காத்தான்குடிப் பெண்களும் இழைப்பார்கள். ஆனால் தமிழ் ஊர்களுக்கும் முஸ்லிம் ஊர்களுக்கும் இடையில் அந்த வருடங்களில் போக்குவரத்து அற்றுப்போயிருந்தது. இரண்டு பக்கமும் பிரேதங்கள் விழுந்திருந்தன. நகரத்தில், எங்கள் மண்டபத்தில் மட்டும் அவர்கள் ஒரே சாயப் பானையில் கைவைத்தார்கள். ஆளுக்கொரு பட்டையாக இழைத்து, தமிழ்ப் பெண்ணின் பட்டைக்குப் பக்கத்தில் முஸ்லிம் பெண்ணின் பட்டையாக வைத்துப் பொருத்தித் தைத்தோம். அவர்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. "உங்கட சிவப்பு நல்லாப் பிடிச்சிருக்கு" என்பது போல ஒன்றிரண்டு வார்த்தைதான்.

எங்கள் பொறுப்பாளர் கச்சேரிக்குப் போய்க் கெஞ்சி ஒரு தவணை வாங்கி வந்தார். பாயைக் கண்காட்சியாக வைப்போம், கச்சேரி அதிகாரி அன்று வந்து பார்க்கட்டும், சனம் வந்தால் மண்டபம் எங்களுக்கு, வராவிட்டால் மாவுக்கு.

பாயைச் சுவரில் தொங்கவிடத்தான் நினைத்தோம். அந்தப் பழைய சுண்ணாம்புச் சுவர் ஓர் ஆணியைக்கூடத் தாங்கவில்லை. ஆகவே தரையில் விரித்து, சுற்றிவரக் கயிறு கட்டி, "காட்சிப்பொருள், தொடவேண்டாம்" என்று என் அழகான கையெழுத்தில் எழுதி வைத்தேன்.

அன்று காலை மண்டபம் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. முதல் நாள் தெற்கே எங்கோ சுற்றிவளைப்பு நடந்ததாம், பஸ்கள் எல்லாவற்றையும் மறித்து வைத்திருக்கிறார்களாம் என்றார்கள். அதிகாரி மட்டும் நேரத்துக்கு வந்துவிட்டார். பாயை ஒருதரம் பார்த்தார். கூரையை நிமிர்ந்து பார்த்தார். "ஒழுக்கு ஒண்டும் இல்லையே?" என்று கேட்டார். மாவின் மேல் மழை சொட்டுமா என்று பார்க்கிற மனிசனிடம் நான் என்ன பேசுவது? எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

அவர் புறப்படத் திரும்பியபோதுதான் வாசலில் சத்தம் கேட்டது. பஸ்களை விட்டுவிட்டார்கள். பெண்கள், பிள்ளைகள், மாமிமார், மச்சாள்மார் என்று சனம் திமுதிமுவென்று வந்தது. சென்றி என்ற ஆமிச் சோதனைச் சாவடிகளில் இறங்கி, வரிசையில் நின்று, நடந்து, ஏறி, மறுபடியும் இறங்கி வந்தவர்கள். வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். கயிற்றைத் தூக்கிக்கொண்டு குனிந்து உள்ளே போனார்கள். போய், கண்காட்சியின் மேல் உட்கார்ந்துவிட்டார்கள்!

"ஐயோ, அதில இருக்கப்படாது!" என்று நான் கத்தினேன்.

காத்தான்குடியிலிருந்து வந்த ஒரு மாமி, பாதிப் பாயைத் தானே இழைத்தவர்போலக் கையும் வாயும் உள்ளவர், என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன புள்ள சொல்றாய்? பாயை விரிச்சுப் போட்டுட்டு இருக்கப்படாதெண்டா, வந்த ஆக்கள் எங்க இருக்கிற?"

எங்கள் பக்கத்தில் பாய் விரித்தால் இரு, அதாவது உட்கார், என்று அர்த்தம். விரித்த பாயில் இருக்காமல் போனால் வீட்டுக்காரிக்குக் குறை. நான் எழுதிய பலகையை ஒருத்தரும் வாசிக்காமல் இல்லை, வாசித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். பார்த்தால், இழைத்தவர்கள் ஒவ்வொருத்தியும் தன் தன் பட்டையில்தான் இருந்தாள். தன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்த மச்சாள்மாரையும் அங்கேயே கூப்பிட்டு, "இஞ்ச வாகா, இது நான் இழைச்சது, தடவிப் பார்" என்றாள். இப்படித் தமிழும் முஸ்லிமுமாகப் பட்டைக்குப் பட்டை மாறி மாறி இருந்தார்கள். ஒருவரும் இருத்தி வைக்கவில்லை.

"வட்டா எங்க?" என்று ஒரு பெரியகல்லாற்றுக்காரி கேட்டாள். வந்தவர்களை இருத்தினால் வெற்றிலை வைத்த வட்டாவை நீட்டவேண்டும். எங்களிடம் இருந்த ஒரே வட்டா கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது, பழைய பித்தளை வட்டா. பொறுப்பாளர் என் முகத்தைப் பார்த்தார். நான் திறப்பைப் போட்டுப் பெட்டியைத் திறந்தேன். முந்தானையால் துடைத்து, யாரோ மடியிலிருந்து எடுத்துத் தந்த வெற்றிலை பாக்கை வைத்து நீட்டினேன். அது எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு வேலை செய்தது.

மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தவர் அதிகாரி ஒருவர்தான். சப்பாத்துடன் பாயின் ஓரத்தில் தடுமாறினார். கடைசியில் சப்பாத்தைக் கழற்றினார். இரண்டு பெண்கள் ஒதுங்கி இடம் கொடுத்தார்கள்.

வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பொறுப்பாளரிடம் மெல்லச் சொன்னார். "சனம் வந்திருக்குதுதான், நான் இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா மாவை நான் எங்க கொண்டு வைக்கிற? மழை வரப்போகுது."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பசிக்கிற ஊரில் மாவா, பாயா என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வது?

மாமிதான் நிமிர்ந்து கேட்டார். "அந்த மா ஆருக்கு சேர்?"

"உங்களுக்குத்தான்."

"அப்ப எங்கட வீடுகள்ல கொண்டு வைங்க" என்றார் மாமி. "நாங்க நனையாமப் பாத்துக்குவம். ஒரு சுண்டு மாவும் அளவில குறையாது. இந்த இடம் எங்களுக்கு இருக்கிறதுக்கு வேணும்."

"ஓம், எங்கட வீட்டு விறாந்தையும் இருக்கு" என்றாள் வட்டா கேட்ட பெரியகல்லாற்றுக்காரி, மாமியின் தோளில் கையை வைத்தபடி.

அதிகாரி வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். அந்த மண்டபத்துக்குள் ஒரு மூட்டையும் வரவில்லை.